ஒரே பலகையில் நான்கு அடுக்கு: வளரும் பாம்புகளுக்கு வீட்டிலேயே ரேக் செய்யும் முழு விவரம்

பிரிட்டனில் கார்ன் ஸ்நேக், ராயல் பைத்தான் இரண்டும் வீடுகளில் சகஜமாக வளர்க்கப்படும் பாம்புகள். ஒரே ஒரு பாம்பு என்றால் கண்ணாடிக் கதவு போட்ட மரக்கூண்டு போதும். அதை விவேரியம் என்பார்கள். மூன்று, நான்கு குட்டிகள் சேரும்போதுதான் ரேக் பற்றிய யோசனை வருகிறது. பாம்புகள் தனியாக வாழ்பவை. இரண்டை ஒரே இடத்தில் போட்டால் நல்ல சூடான மூலையைப் பலமானது பிடித்துக்கொள்ளும், ஒன்றுக்கு வந்த நோய் மற்றதற்கும் ஒட்டும், இரை போடும்போது ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. நான்கு பாம்பு என்றால் நான்கு தனி இடம்தான்.

ரேக்கின் அமைப்பு எளிமையானது. அடுக்கடுக்காகப் பலகைகள், ஒவ்வொரு இடைவெளியிலும் மூடியில்லாத ஒரு பிளாஸ்டிக் டப்பா. மேசை இழுப்பறை மாதிரி இழுத்தால் வரும், தள்ளினால் போகும். மேலே உள்ள பலகையின் அடிப்பக்கமே டப்பாவுக்கு மூடி. இந்த ஒரு ஏற்பாட்டிலிருந்துதான் மற்ற எல்லா அளவும் பிறக்கிறது.

வேலையைத் தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரேக் வளரும் பாம்புக்கான இடம். முழுதாக வளர்ந்த கார்ன் ஸ்நேக் ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் வரை இருக்கும். அதை ஆயுள் முழுக்க ஒரு டப்பாவில் வைத்திருப்பது எனக்குச் சம்மதமில்லை. உடலை நீட்டவும் ஏறவும் அதற்கு இடம் வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2006-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், உயிரினத்துக்குத் தகுந்த சூழலையும் இயல்பாக நடந்துகொள்ளும் வாய்ப்பையும் தருவது வளர்ப்பவரின் கடமை என்கிறது. குட்டிகளுக்கும், இன்னும் வளராத பாம்புகளுக்கும், புதிதாக வந்ததைத் தனிமைப்படுத்தி வைக்கவும் ரேக் மிக நல்லது. சின்னக் குட்டிகளைப் பெரிய கூண்டில் விட்டால் பல பயந்துபோய் இரையே எடுக்காது. அடக்கமான இடத்தில் அவை சட்டென்று தேறுகின்றன.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் இந்த இரண்டு இனத்துக்கும் உரிமம் தேவையில்லை. விஷப்பாம்புகளுக்கு 1976-ஆம் ஆண்டின் ஆபத்தான காட்டு விலங்குகள் சட்டப்படி உரிமம் வேண்டும். சிங்கப்பூரில் எந்தப் பாம்பையும் செல்லப்பிராணியாக வளர்க்க அனுமதி இல்லை. இந்தியாவில் சாரை, நல்ல பாம்பு, மலைப்பாம்பு போன்ற நம் ஊர்ப் பாம்புகளைப் பிடித்து வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ராயல் பைத்தான் போல சைட்டிஸ் என்ற சர்வதேச உயிரின வணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருந்தால் இந்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். இதைச் சரிபார்த்த பிறகு கடைக்குப் போங்கள்.

டப்பா முதலில், பலகை பிறகு

பலர் பலகையை அறுத்துவிட்டு அதற்குப் பொருந்தும் டப்பாவைத் தேடி அலைகிறார்கள். அது தலைகீழ். டப்பாக்களை முதலில் வாங்கி, கையில் வைத்துக்கொண்டுதான் அளவே எடுக்க வேண்டும். உடைந்தால் மாற்ற ஒன்று கூடுதலாகவும் வாங்குங்கள். சில வருடம் கழித்து அதே அச்சு கடையில் இல்லாமல் போகலாம்.

பிரிட்டனில் இதற்கு அதிகம் பயன்படுவது ரியலி யூஸ்ஃபுல் பாக்ஸின் 33 லிட்டர் டப்பா. வெளியளவு 710 × 440 × 165 மி.மீ. கவனியுங்கள்: அந்த உயரம் மூடியோடு சேர்ந்தது, நீளம் இரு முனையிலும் உள்ள கிளிப்புகளோடு சேர்ந்தது. நமக்கு மூடி வேண்டாம். பின்பக்கக் கிளிப்பைக் கழற்றிவிடலாம், முன்பக்கக் கிளிப் இழுப்பதற்குக் கைப்பிடியாக இருக்கட்டும். ஆக, பெட்டியில் அச்சிட்ட அளவு நமக்கு உதவாது. டப்பாவைச் சமதளத்தில் வைத்து, தரையிலிருந்து விளிம்பின் மேல்பக்கம் வரை நான்கு மூலையிலும், நீளப் பக்கங்களின் நடுவிலும் அளந்து பாருங்கள். நடுவில் விளிம்பு கொஞ்சம் தொய்ந்தோ மேலே வளைந்தோ இருக்கும். எல்லா டப்பாக்களையும் அளந்து, கிடைப்பதில் மிக உயர்ந்த அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த உயரத்தோடு 2 மி.மீ. கூட்டினால் டப்பா உரசாமல் போய்வரும். அதற்குமேல் விடாதீர்கள். பாம்பின் தலை நுழையும் சந்து எதிலும் அதன் உடம்பு பின்னாலேயே போய்விடும். டப்பா தொய்ந்து, நடுவில் சந்து 5 மி.மீ. ஆகிவிட்டால், ஒல்லியான கார்ன் ஸ்நேக்குக்கு அது கதவு. முட்டையிலிருந்து வந்து சில மாதமே ஆன, பென்சில் தடிமன் குட்டிகளுக்கு மூடியில்லாத முறையே வேண்டாம். அவற்றை 9 லிட்டர் டப்பாவில், மூடியைப் போட்டுக் கிளிப்பை மாட்டி, சாதாரண அலமாரித் தட்டில் வைத்து வளர்ப்பதுதான் பத்திரம்.

அளவும் அறுப்பும்

கணக்கு புரிவதற்காக ஓர் உதாரணம். விளிம்பு உயரம் 155, விளிம்பின் நீளம் 675, அகலம் 440 மி.மீ. என்று அளவு வந்ததாக வைத்துக்கொள்வோம். டப்பாவுக்கு அடியில், மின்சாரத்தில் சூடாகும் மெல்லிய தகடான ஹீட் மேட் வரப்போகிறது. டப்பா அதன்மேல் உரசி உரசிப் போனால் மேட் பிய்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு தட்டிலும் இடமும் வலமும் 3 மி.மீ. தடிமனில் ஹார்ட்போர்டு பட்டை ஒட்டி, டப்பாவை அதன்மேல் சறுக்கிப் போகவிடுகிறோம். எனவே அடுக்கின் உயரம் 155 + 2 + 3 = 160. உள்ளகலம் 440 + 6 = 446. ஆழம், விளிம்பு முழுக்கப் பலகைக்கு அடியில் அடங்கும்படி 680.

பலகை 18 மி.மீ. சிப்போர்டு, அதாவது மரத்துகளை அழுத்திச் செய்தது; மேலே மெலமைன் என்ற வழவழப்பான பூச்சு ஒட்டியிருக்கும். ஈரத்துணியால் துடைக்கலாம், பெயின்ட் வேண்டியதில்லை. பெயின்ட் இல்லை என்றால் அதன் வாடையும் பாம்புக்கு இல்லை. நான்கு அடுக்குக்கு ஐந்து தட்டு. பக்கப் பலகையின் உயரம் 4 × 160 + 5 × 18 = 730. வேண்டியவை:

பக்கப் பலகை 730 × 680 — 2
தட்டு 446 × 680 — 5
பின்பலகை, 3 மி.மீ. ஹார்ட்போர்டு, 482 × 730 — 1
ஹார்ட்போர்டு பட்டை 30 × 600 — 8

2440 × 1220 மி.மீ. ஷீட் ஒன்றிலேயே இந்த ஏழு பலகையும் அடங்கிவிடும். முதலில் நீளவாக்கில் 680 அகலத்துக்கு ஒரு பட்டை. அதில் இரண்டு பக்கப் பலகையும் இரண்டு தட்டும் வரும்: 1460 + 892 = 2352, ரம்பம் தின்னும் மூன்று நான்கு மி.மீ.களும் போக மிச்சம் இருக்கும். மீதியில் 446 அகலத்துக்கு இன்னொரு பட்டை அறுத்து, அதை 680 நீளத்துக்கு மூன்றாகத் துண்டுபோட்டால் மற்ற மூன்று தட்டு. நான்கு அடுக்கோடு நிறுத்துவதற்கு இதுதான் காரணம்; ஐந்தாவதுக்கு ஆசைப்பட்டால் இரண்டாவது ஷீட் வாங்க வேண்டிவரும். மரக்கடையிலேயே இயந்திரத்தில் அறுத்து வாங்குங்கள். வீட்டில் கைரம்பத்தால் அறுத்தால் மெலமைன் ஓரம் பொடிப்பொடியாகச் சிதறும், ஐந்து தட்டும் ஒரே அகலத்தில் வருவதும் கஷ்டம். இங்கே ஒரு மி.மீ. கோணினாலும் டப்பா மாட்டிக்கொள்ளும்.

அறுபட்ட ஓரங்களுக்கு இஸ்திரிப்பெட்டியால் ஒட்டும் ஓரப்பட்டையை (எட்ஜ் பேண்டிங்) போட்டுவிடுங்கள். சிப்போர்டு ஒரு தடவை தண்ணீர் குடித்து உப்பினால் பழையபடி ஆகாது.

கூட்டுவது

ஒவ்வொரு தட்டுக்கும் கோடு போட்டு அளந்துகொண்டிருக்க வேண்டாம். மிஞ்சிய பலகையில் சரியாக 160 மி.மீ. உயரத்துக்கு இரண்டு கட்டைகள் அறுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அவைதான் அளவுகோல். ஒரு பக்கப் பலகையைத் தரையில் படுக்கவைத்து, அடித்தட்டை ஓரத்தோடு நிறுத்துங்கள். அதன்மேல் இரண்டு கட்டை, அப்புறம் அடுத்த தட்டு. இப்படியே மேல்தட்டு வரை போனால் ஐந்தும் ஒரே இடைவெளியில் நிற்கும். திருகு போடும் இடங்களில் முதலில் 3 மி.மீ. டிரில் பிட்டால் ஓட்டை போட வேண்டும். நேரே திருகினால் சிப்போர்டு பிளந்துவிடும். 4 × 50 மி.மீ. சிப்போர்டு திருகு, ஒரு தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று வீதம். முதலில் எதையும் முழுக்க இறுக்காதீர்கள். இரண்டாவது பக்கப் பலகையையும் மாட்டியபின் நான்கு டப்பாவையும் உள்ளே விட்டு இழுத்துப் பாருங்கள். எல்லாம் வழுக்கிக்கொண்டு வந்தால் இறுக்குங்கள். பசையும் வேண்டாம், பின்னால் ஒரு தட்டைக் கழற்ற நேரிடலாம்.

பட்டைகளை டப்பாவின் அடிப்பக்கம் உட்காரும் இடத்தில், இரு ஓரமாக ஒட்டுங்கள். நடுவில் மேட் படுக்க இடம் இருக்க வேண்டும்.

பின்பலகையை அடிக்குமுன் சதுரம் பார்க்க வேண்டும். மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் ஒன்றாக வந்தால் ரேக் நேராக நிற்கிறது. அதே நிலையில் ஹார்ட்போர்டை அடித்தால் பிறகு ஆடாது. ஆனால் அதை முழுப் பலகையாக அடிக்காதீர்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் நேராக 300 × 90 மி.மீ. அளவில் ஒரு ஜன்னல் வெட்டுங்கள். மின்கம்பி வெளியே வர இது வேண்டும். காற்றுக்கு இதைவிட முக்கியம்.

எல்லாம் சேர்த்துப் பலகை மட்டுமே 30 கிலோவை ஒட்டி வரும். அடியில் பூட்டு வைத்த சக்கரம் நான்கு போட்டால் பின்பக்கம் துடைக்க வசதி. சக்கரம் இல்லாவிட்டால் எல் வடிவப் பட்டையால் சுவரோடு பிடித்துவிடுங்கள்.

காற்றோட்டம்

பார்க்கிற ரேக்குகளில் பாதியில் ஓட்டைகள் டப்பாவின் நீளப் பக்கங்களில்தான் இருக்கின்றன. தனி டப்பாவாக வைத்தால் அது சரி. ரேக்கில் அந்தப் பக்கங்களை ஒட்டிப் பலகை நிற்கிறது, இடையில் இருப்பது சில மி.மீ.தான். ஓட்டை இருந்தும் காற்று நகராது. டப்பாவின் சுவரில் நீர் முத்துமுத்தாகப் பூத்து நிற்கும். ஓட்டைகளை முன்முகப்பிலும் பின்முகப்பிலும் போடுங்கள். முன்னால், குளிர்ந்த பக்கத்தில், கொஞ்சம் தாழ்வாக. பின்னால், சூடான பக்கத்தில், விளிம்பை ஒட்டி உயரமாக. சூடான காற்று பின்ஜன்னல் வழியே ஏறிப்போக, முன்னாலிருந்து புதுக்காற்று உள்ளே வரும்.

3 முதல் 4 மி.மீ. ஓட்டை போதும். உள்ளிருந்து வெளியே துளையிட்டால் பிசிறு வெளிப்பக்கம் நிற்கும். பாம்பு இரவில் மூக்கை ஓட்டையில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருக்கும். பிசிறு உள்ளே இருந்தால் சில நாளிலேயே மூக்கு நுனி தோல் உரிந்து சிவந்துவிடும். துளையிட்டபின் விரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பாருங்கள். சால்டரிங் அயர்னால் உருக்கினால் விளிம்பு இன்னும் மழமழப்பாக வரும், ஆனால் புகை கெட்டது. வெளியில் வைத்துச் செய்யுங்கள். கார்ன் ஸ்நேக்குக்கு முகப்புக்கு இருபது ஓட்டை வரை போடலாம். ராயல் பைத்தானுக்கு ஈரப்பதம் அதிகம் வேண்டும் என்பதால் பத்தில் தொடங்கிப் பார்த்து, தேவைப்பட்டால் கூட்டுங்கள்.

சூடு

பாம்பு தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்குவதில்லை. சூடான இடத்துக்கும் குளிர்ந்த இடத்துக்கும் மாறி மாறிப் போய்த்தான் அது செரிக்கிறது, நோயை எதிர்க்கிறது. அதனால் டப்பா முழுக்கச் சூடேற்றுவது பெரிய தவறு. தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மேட் வரக்கூடாது. பாக்கி இடம் குளிர்ந்தே இருக்கட்டும்.

கார்ன் ஸ்நேக்குக்குச் சூடான தரை 28 முதல் 32 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 22 முதல் 24. ராயல் பைத்தானுக்குச் சூடான பக்கம் 31 முதல் 33, குளிர்ந்த பக்கம் 25 அளவில். இரண்டும் வேறு வேறு என்பதால் சூட்டைக் குறித்த அளவில் நிறுத்தும் கருவியான தெர்மோஸ்டாட் ஒன்றிலேயே இயங்கும் ரேக்கில் ஒரே இனத்தை மட்டும் வையுங்கள்.

நீளமான ஹீட் கேபிள் ஒன்றை எல்லாத் தட்டிலும் சுற்றிவிடுபவர்கள் உண்டு. நான் தட்டுக்கு ஒன்றாகத் தனி மேட் வைப்பதையே சொல்வேன். கேபிள் பழுதானால் நான்கு பாம்பும் ஒரே இரவில் குளிரில் கிடக்கும்; மேட் பழுதானால் ஒன்றுதான். 28 × 15 செ.மீ. அளவில், ஏழெட்டு வாட் மேட் போதும். தட்டின் பின்பக்கத்தில் குறுக்காகப் படுக்கவைத்து, ஓரங்களை அலுமினிய டேப்பால் ஒட்டுங்கள். கம்பி சேரும் இடத்தில் மேட் தடித்திருக்கும். அது டப்பாவுக்கு அடியில் மாட்டாமல், பின்ஜன்னல் பக்கம் வரும்படி திருப்பிக்கொள்ளுங்கள். மேட்டை மடிக்கவோ வெட்டவோ கூடாது.

தெர்மோஸ்டாட் இல்லாமல் மேட்டை ஒரு மணி நேரம்கூடப் போடாதீர்கள். கட்டுப்பாடில்லாத மேட் 40 டிகிரிக்கு மேல் எளிதாகப் போகும். பாம்பு தன் வயிறு வேகிறது என்று உணர்ந்து உடனே நகர்ந்துவிடும் என்று நம்ப முடியாது. அடியில் தீப்புண் வந்த பாம்புகளில் பலவும் அப்படி அசையாமல் கிடந்தவைதான். பல்ஸ் வகைத் தெர்மோஸ்டாட் மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுத்துச் சூட்டைச் சீராக வைக்கும். நான்கு மேட்டும் சேர்ந்து முப்பது வாட்டைச் சுற்றித்தான் வரும் என்பதால் ஒரு தெர்மோஸ்டாட்டே போதும்.

அதன் உணர்முனையை எந்த அடுக்கில் வைப்பது? சூடு மேலே ஏறும். கீழே உள்ள மூன்று மேட்டின் சூடும் சேர்ந்து மேலடுக்கு எப்போதும் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். உணர்முனையை அடியில் வைத்தால், அடித்தட்டு சரியாக இருக்கும்போது மேல்தட்டு தாண்டிப் போயிருக்கும். ஆகவே மேலடுக்கு மேட்டின்மேல் டேப்பால் ஒட்டுங்கள். கீழே ஒரு டிகிரி குறைவது பாம்பைக் கொல்லாது, மேலே கூடுவது கொல்லும். டப்பாவுக்குள் உணர்முனையை விடாதீர்கள். பாம்பு அதை நகர்த்தும், அதன்மேல் கழியும். மேட்டில் ஒட்டியிருப்பதால் தெர்மோஸ்டாட்டில் வைக்கும் எண், உள்தரை வெப்பத்தைவிடச் சில டிகிரி கூடுதலாக இருக்க வேண்டிவரும். எவ்வளவு என்பதை உங்கள் டப்பாவில் அளந்துதான் முடிவு செய்ய முடியும்.

தெர்மோஸ்டாட்டும் பழுதாகும், சில சமயம் முழுக்க ஆன் நிலையிலேயே நின்றுவிடும். அதற்குக் காவலாக, சுவர் பிளக்குக்கும் முதல் தெர்மோஸ்டாட்டுக்கும் நடுவில் ஆன்-ஆஃப் வகையில் இன்னொன்றை மாட்டி, அதன் உணர்முனையையும் அதே மேட்டில் ஒட்டி, மூன்று டிகிரி கூட்டி வையுங்கள். வரிசை மாறக்கூடாது: சுவரை ஒட்டி ஆன்-ஆஃப் வகை, அப்புறம் பல்ஸ் வகை, அப்புறம் மேட்டுகள். மின்கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்.சி.டி. இருக்கும் இணைப்பில் மாட்டுங்கள். அறையில் புகை அலாரம் ஒன்றும் இருக்கட்டும்.

மேட் தரையைத்தான் சூடாக்கும், காற்றை அல்ல. இங்கிலாந்துக் குளிர்காலத்தில் இரவு வீட்டு ஹீட்டிங் அணைந்தால் அறை 16 டிகிரிக்கு இறங்கிவிடலாம். அப்போது குளிர்ந்த பக்கம் உண்மையிலேயே குளிராகிவிடும். ரேக் இருக்கும் அறை 21-க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டர் பக்கத்திலோ வெயில் நேரே விழும் ஜன்னல் பக்கத்திலோ ரேக் நிற்கக் கூடாது.

காலி ரேக்கை ஓடவிடுங்கள்

பாம்பை விடுமுன் ஒரு வாரமாவது ரேக்கைக் காலியாக ஓட்டிப் பார்க்க வேண்டும். டப்பாக்களில் விரிப்பு, தண்ணீர்க் கிண்ணம் எல்லாம் நிஜமாக வைக்கப்போகிறபடியே இருக்கட்டும். நான்கு டப்பாவிலும் சூடான முனை, குளிர்ந்த முனை இரண்டையும் காலையிலும், அறை மிகக் குளிர்ந்திருக்கும் பின்னிரவிலும் அளந்து எழுதி வையுங்கள். அளக்கும்போது விரிப்பை விலக்கி, பிளாஸ்டிக் தரையையே அளக்க வேண்டும். கார்ன் ஸ்நேக் விரிப்புக்கு அடியில் புகுந்து அங்கேதான் படுக்கும். விரிப்பின் மேல் 29 காட்டும்போது அடியில் 35 இருக்கலாம்.

உள்ளே வைப்பவை

விரிப்புக்குக் கார்ன் ஸ்நேக் என்றால் ஆஸ்பென் மரச்சீவல், ராயல் பைத்தான் என்றால் ஈரம் தாங்கும் தேங்காய்மட்டைத் துருவல். தேவதாரு, பைன் போன்ற வாசனை மரச்சீவல் கூடாது. அதன் எண்ணெய் ஆவி பாம்புக்குக் கேடு. சூடான பக்கம் ஒரு மறைவிடம், குளிர்ந்த பக்கம் ஒரு மறைவிடம். ஒன்றை மட்டும் வைத்தால், ஒளிவதா சூடேறுவதா என்று பாம்பு ஒன்றைத் தியாகம் செய்ய வேண்டிவரும். தண்ணீர்க் கிண்ணம் கனமானதாக, குளிர்ந்த பக்கத்தில். சட்டை உரிக்கும் நாட்களில், கண் பால்நிறமாக மங்கியதும், ஈரமான பாசி போட்ட ஒரு சிறு டப்பாவை உள்ளே வையுங்கள். சட்டை துண்டுதுண்டாகக் கிழியாமல் முழுதாக வரும். ஒரு தக்கைமரப் பட்டைத் துண்டும் போடுங்கள், உயரம் குறைவாக இருந்தாலும் ஏறி இறங்கும்.

டப்பா ஒளி ஊடுருவுவதாக இருந்தால் அறை வெளிச்சத்திலேயே பகல் இரவு தெரியும். கறுப்பு டப்பாக்களை நான் தவிர்க்கிறேன்.

முன்பக்கப் பூட்டுக்கு, ரேக்கின் மேலும் கீழும் ஒரு வளையத் திருகு போட்டு, இரண்டுக்கும் ஊடாக ஒரு மரக்கம்பியைச் செங்குத்தாக நுழைத்தால் நான்கு டப்பாவும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொள்ளும். குழந்தைகளோ பூனையோ உள்ள வீட்டில் இது கட்டாயம்.

உண்ணியும் தனிமையும்

ரேக்கின் பெரிய பலவீனம் உண்ணி. ஊசிமுனையளவு கறுப்பாக, பாம்பின் கண்ணோரத்திலும் தாடைக்கு அடியிலும் ஒட்டியிருக்கும். தண்ணீர்க் கிண்ணத்தில் செத்து மிதப்பதைப் பார்த்துத்தான் பலரும் கண்டுபிடிக்கிறார்கள். ஒரு டப்பாவுக்கு வந்தால் ஓட்டை வழியாக நான்குக்கும் பரவி, பலகை சேரும் சந்துகளில் முட்டையிடும். அதனால் கூட்டி முடித்ததுமே உள்மூலைகள் எல்லாவற்றிலும் மீன்தொட்டிக்கான சிலிக்கோனைப் பூசி அடைத்துவிடுங்கள். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த குளியலறைச் சிலிக்கோன் வேண்டாம். காய்ந்து வாடை முழுக்கப் போன பிறகே பாம்பு உள்ளே வரலாம். புதுப் பாம்பு எதுவும் மூன்று மாதம் வேறு அறையில், வெள்ளைக் காகிதம் விரித்த தனி டப்பாவில் இருக்கட்டும். ரேக்கில் உள்ளவற்றுக்கு முதலில் எல்லாம் செய்துவிட்டு, கடைசியாகப் புதியதிடம் போங்கள்.

ஒவ்வொரு டப்பாவின் முகப்பிலும் ஓர் அட்டை ஒட்டி, இரை எடுத்த நாள், சட்டை உரித்த நாள், எடை மூன்றையும் குறியுங்கள். இரை எடுத்தபின் இரண்டு நாள் கையில் எடுக்க வேண்டாம், எடுத்தால் கக்கிவிடும்.

அந்த அட்டையில் நீளத்தையும் எழுதிவந்தால் இடம் மாற்ற வேண்டிய நேரம் தெரிந்துவிடும். கார்ன் ஸ்நேக் 80, 90 செ.மீ.யைத் தொடும்போது, டப்பாவின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து இரவெல்லாம் முகப்பைத் தள்ளத் தொடங்கும். அப்போது 120 × 60 × 60 செ.மீ. விவேரியம் ஒன்று தயாராக இருக்க வேண்டும். கிளைகளும் உயரமும் புற ஊதா விளக்கும் அதில் கிடைக்கும். காலியான டப்பாவைக் கிருமிநாசினியால் கழுவி, நன்றாகக் காயவைத்து, திரும்பவும் ரேக்கில் தள்ளிவிடுங்கள்.